டேப்லெட்டுக்குள் மாமா

டேப்லெட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாம் விழுங்குவது. இன்னொன்று, நம்மை விழுங்குவது. முதல் வகைக்குக் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று டாக்டர் கணக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். இரண்டாவதற்கு அப்படிக் கணக்கு எழுத இன்னும் டாக்டர் பிறக்கவில்லை.

அதியமான்கோட்டையில் என் அத்தை வீட்டில் இருப்பது இரண்டாம் வகை. சிம் போட்டுப் பேசுகிற மாடல். 2018-ல் மாமா வாங்கியது. காதில் வைத்துப் பேசுவார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சிலேட்டால் வெயிலை மறைத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். 2023-ல் மாமா போய்ச் சேர்ந்தார். டேப்லெட் அத்தைக்கு வந்தது. அத்தை அதில் யூடியூப் சமையல் பார்க்கிறார். (சமைப்பது வழக்கம்போல ராகிக் களி.)

இப்போது ஓசூர் மச்சானுக்கு, அதாவது அத்தை மகனுக்கு, ஒரு யோசனை. டேப்லெட்டை ரீசெட் அடித்து, பையனுக்குப் பாடம் படிக்கக் கொடுத்துவிடலாம் என்று. அத்தை ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"அதுல உங்கப்பா எடுத்த போட்டோ எல்லாம் கெடக்குது. அத பூரா கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு அப்புறம் என்ன வேணா பண்ணிக்க."

இந்த வேலை என் தலையில் விழுந்தது. காரணம், நான் பத்திரிகையில் கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவன். பி.காம். படித்தவன் என்பது அத்தைக்கு ஞாபகமில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டேப்லெட்டோ, பழைய போனோ பீரோவில் துணிக்கு அடியில் இருக்கும். ஆபீஸில் மூன்று மணி டீ குடிக்கும்போது இதைப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை உதவும்.

முதல் தடை கேபிள். வீட்டில் ஏழு கேபிள் இருந்தது. ஐந்து, சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகம். உள்ளே டேட்டாவுக்கான கம்பியே கிடையாது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாட்டினால் டேப்லெட்டில் பேட்டரிச் சின்னம் வரும், கம்ப்யூட்டர் 'அப்படியா' என்று சும்மா இருக்கும். ஆறாவது கேபிள் வேலை செய்தது. அப்போதும் டேப்லெட் தானாகக் கதவைத் திறக்காது. மேலேயிருந்து இழுத்தால் வருகிற நோட்டிஃபிகேஷனில் 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' என்பதைத் தொட வேண்டும்.

கம்ப்யூட்டர் என்றது மச்சானின் தங்கச்சிக்கு ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். 2011-ல் ஆரம்பித்த திட்டம். முக்கி முனகியாவது எழுந்து நின்றது.

டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர். கேமரா எடுத்ததெல்லாம் அதில்தான் இருக்கும். காப்பி அடித்தோம். (காப்பி, கட் அல்ல. பாதியில் கேபிள் ஆடினால் கட் செய்தவன் கதி அதோகதி.) 612 போட்டோ. பத்து நிமிஷத்தில் முடிந்தது.

"அவ்ளோதான் மாப்ள! ரீசெட் போட்ரலாமா?" என்றார் மச்சான், விரலை நீட்டிக்கொண்டு.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார். "காலபைரவர் கோயில்ல பூசணிக்கா வெளக்கு போட்டமே, அந்தப் போட்டோ எங்க?"

இல்லை. தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, கோயில் பிராகாரம் பூரா விளக்காக எரிகிற படம் லேப்டாப்பில் இல்லை. ஆனால் டேப்லெட்டில் 'போட்டோஸ்' என்கிற ஆப்பைத் திறந்தால் ஜம்மென்று இருக்கிறது!

விஷயம் இங்கேதான். அந்த ஆப் காட்டுவதெல்லாம் டேப்லெட்டில் இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பாதிக்கு மேல் இருப்பது 'க்ளவுடி'ல். மேகம் என்றவுடன் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். எங்கேயோ தரையில் ஒரு பெரிய கட்டடம், உள்ளே ஏ.ஸி. போட்டு அடுக்கிவைத்த கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான். டேப்லெட்டில் இடம் நிறைந்ததும் 'இடத்தைக் காலி செய்யட்டுமா?' என்று ஆப் கேட்டிருக்கும். மாமா தாராள மனசுக்காரர், 'சரி' என்றிருப்பார். மேலே ஏறிவிட்ட படங்களின் பிரதியை டேப்லெட்டிலிருந்து அழித்துவிட்டு, ஆப்பில் நிழலை மட்டும் காட்டும். நெட்டை அணைத்துவிட்டு ஒரு பழைய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலாகவே நின்றால் அது ஊரில் இல்லை, மேகத்தில்.

மேலே எத்தனை இருக்கிறது? கூகுள் கணக்கின் டாஷ்போர்டில் எண்ணிக்கை போட்டிருக்கும். மாமா கணக்கில் 11,206. கையில் வந்தது 612. மச்சான் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

இவ்வளவு எப்படிச் சேர்ந்தது? 2015-ல் கூகுள் போட்டோஸ் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய அளவில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். உலகமே வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொட்டியது. 2021 ஜூன் 1-ம் தேதியோடு அந்தச் சலுகை நின்றது. அதற்கு முன் ஏற்றின சுருக்கிய படங்கள் கணக்கில் வராது. பிறகு ஏற்றினவை 15 ஜி.பி. இலவச இடத்துக்குள் அடங்க வேண்டும். அந்தப் பதினைந்தும் போட்டோவுக்கு மட்டுமல்ல. மெயில், டிரைவ் எல்லாம் அதே கொட்டகைதான். நிரம்பிவிட்டால் மெயில் வருவதும் நின்றுபோகும்.

சரி, கம்ப்யூட்டரில் மாமா கணக்கைத் திறந்து இறக்க வேண்டியதுதானே?

பாஸ்வேர்டு?

அத்தைக்குத் தெரியாது. மச்சானுக்குத் தெரியாது. அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்த தருமபுரி கடைப் பையன் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. 'மறந்துவிட்டது' என்று அழுத்தினால் மாமாவின் நம்பருக்கு ஓடிபி அனுப்பட்டுமா என்கிறது. மாமா போன பிறகு சிம்முக்கு ரீசார்ஜ் போட்டவர் யாருமில்லை. நம் நாட்டில் ப்ரீபெய்டு நம்பர் 90 நாள் சும்மா கிடந்து, பேலன்ஸும் இல்லையென்றால் கம்பெனி அதை முடக்கலாம். முடக்கியபின் இன்னும் 90 நாளாவது காத்திருந்துதான் வேறொருவருக்குக் கொடுப்பார்கள். இது 2023-ல் சுப்ரீம் கோர்ட் வரை போய், 'பழைய நம்பரில் இருக்கிற சமாசாரங்களைத் துடைத்துக்கொள்ள வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு' என்று முடிந்த விவகாரம்.

மாமா நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ரிங் போனது! அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

எடுத்தது ஒரு சின்னப் பையன் குரல். "அண்ணே, நீங்களுமா? வாரத்துக்கு ஒருத்தர் போன் பண்ணி 'மாமா, தவுடு வந்திருச்சி, வண்டிய அனுப்புங்க'ன்னு சொல்லிட்டு வெச்சிடறாருண்ணே. நான் டிப்ளமோ படிக்கிறேன்."

"அந்தத் தம்பிகிட்டயே ஓடிபி கேட்டா?" என்றார் மச்சான். முன்பின் தெரியாதவருக்குப் போன் போட்டு 'ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க' என்றால், விவரமான பையன் அடுத்து டயல் செய்வது 1930. சைபர் குற்றப் புகார் எண். நாம் களி தின்ன வேறு இடத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

காப்பாற்றியது அத்தையின் யூடியூப். டேப்லெட்டில் மாமாவின் கணக்கு இன்னும் லாகின் ஆகியே இருந்தது. அதனால் கம்ப்யூட்டரில் நுழைய முயற்சித்தபோது, 'நுழைவது நீங்கள்தானா?' என்று டேப்லெட்டின் திரையில் கேட்டது. 'ஆமாம்' என்று தொட்டதும் வழி விட்டது. புது பாஸ்வேர்டும் போட்டோம். முதல் காரியமாகச் செத்த நம்பரை எடுத்துவிட்டு அத்தையின் நம்பரைக் கொடுத்தோம். இந்த டேப்லெட்டை முதலில் ரீசெட் அடித்திருந்தால் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பூட்டைக் கும்பிட வேண்டியதுதான். இறந்தவரின் கணக்குக்காகக் குடும்பத்தார் விண்ணப்பிக்க கூகுளில் ஒரு படிவம் உண்டு. ஆனால் சான்றிதழெல்லாம் கேட்பார்கள், முடிவு அவர்கள் இஷ்டம், பாஸ்வேர்டு மட்டும் யாருக்கும் தரமாட்டார்கள்.

யூடியூப் இன்னொரு உபகாரமும் செய்தது. இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்து, அந்த டிசம்பரிலிருந்து அமலாக்கியது. மெயில் படித்தாலும், லாகின் செய்த நிலையில் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தாலும் 'ஆள் இருக்கிறார்' என்று கணக்கு. ஆக, அத்தை தினமும் கத்தரிக்காய் சாதம் பார்த்துக்கொண்டிருந்ததில் மாமாவின் கணக்கு உயிரோடு இருந்திருக்கிறது!

'கூகுள்காரன் பத்திரமா வெச்சிருப்பான், எதுக்கு இறக்கணும்?' என்று கேட்பீர்கள். குஜராத்தில் ஒரு இன்ஜினீயர். தன் சின்ன வயசுப் படங்களைக் குடும்ப ஞாபகமாக மேலே ஏற்றியிருக்கிறார். அதில் ஒன்று, இரண்டு வயதில் பாட்டி குளிப்பாட்டுகிற படம். 2023-ல் கணக்கு முடக்கப்பட்டது, குழந்தைகளைத் தவறாகக் காட்டும் படம் என்று. மெயில் போச்சு, தொழில் சம்பந்தமான கடிதங்கள் போச்சு. முறையிட்டுப் பலனில்லாமல் ஹைகோர்ட்டுக்குப் போனார். 2024 மார்ச்சில் கோர்ட் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பாட்டி குளிப்பாட்டாத பேரன் நம் ஊரில் யார் சார்?

இறக்குவதற்கு கூகுளே ஒரு வழி வைத்திருக்கிறது. பெயர் 'டேக்அவுட்'. ஓட்டலில் பார்சல் வாங்குகிற அதே அர்த்தம்தான். உள்ளே போனால் மெயில், மேப் என்று உங்கள் ஜாதகமே டிக் ஆகி இருக்கும். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு 'போட்டோஸ்' மட்டும் வையுங்கள். ஜிப் ஃபைலாக, ஒவ்வொன்றும் 2 ஜி.பி. என்று கேளுங்கள். உடனே வராது. சில மணி நேரமோ, ஒன்றிரண்டு நாளோ கழித்து மெயிலில் லிங்க் வரும். ஒரு வாரம்தான் அதற்கு ஆயுள்.

இங்கே என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. மாமாவின் மொத்த சரக்கு 31 ஜி.பி. அத்தை வீட்டில் நெட் என்பது என் போனின் ஹாட்ஸ்பாட். நாளைக்கு 1.5 ஜி.பி. வகுத்துப் பார்த்தால் 21 நாள். லிங்க்கின் ஆயுள் 7 நாள். பார்சல் கட்டி முடிப்பதற்குள் ஓட்டலையே மூடிவிடுவார்கள். ஆகவே டேப்லெட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன். மச்சான் வீட்டில் ஃபைபர் லைன், நல்ல கம்ப்யூட்டர். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் பதினாறு ஜிப்பும் வந்து உட்கார்ந்திருந்தது.

பதினாறையும் ஒரே ஃபோல்டருக்குள் பிரிக்க வேண்டும். தனித்தனியாகப் பிரித்தால் குடும்பம் சிதறிவிடும். பிரித்ததும் மச்சான் அலறினார். "இருபத்திநாலாயிரம் ஃபைல் இருக்குது!" பயப்பட வேண்டாம். ஒவ்வொரு போட்டோவுக்கும் கூடவே 'ஜேசன்' என்று ஒரு குட்டி ஃபைல் வரும். எடுத்த தேதி, இடம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். போட்டோவுக்குப் போட்ட வவுச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பை என்று நினைத்து இதை அழிக்கிறவர்கள் அதிகம். போதாததற்கு, ஆல்பத்தில் போட்ட படம் வருஷக் கணக்கில் ஒரு தடவை, ஆல்பத்தில் ஒரு தடவை என்று இரண்டு முறை வரும்.

கம்ப்யூட்டரில் தேதிப்படி அடுக்கினால் ஏகப்பட்டது 'நேற்று' என்று காட்டுகிறது. கலியாணம், காது குத்து, கருமாதி எல்லாம் நேற்று! அது ஃபைல் வந்து இறங்கிய தேதி. கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே 'எக்ஸிஃப்' என்று ஒரு குறிப்பில் எடுத்த தேதி பத்திரமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில்தான் சங்கடம். அனுப்பும்போதே அந்தக் குறிப்பை உரித்துவிடுகிறார்கள். ஆனால் ஃபைல் பெயரைப் பாருங்கள். 20190514-டபிள்யூஏ என்று வந்தால் 2019 மே 14. ஜேசனில் உள்ள தேதியைப் படத்துக்குள் திரும்ப எழுத, ஃபில் ஹார்வி என்பவர் இலவசமாகக் கொடுக்கிற 'எக்ஸிஃப்டூல்' உண்டு. கொஞ்சம் கட்டளை அடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஜேசனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் போதும். பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜேசனையும் இரட்டைப் பதிவுகளையும் கழித்தபின் 11,206 டேலி ஆனது. மச்சான் கைதட்டினார். நான் தட்டவில்லை. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். விட்டுப்போன என்ட்ரி இரண்டு பக்கமும் விட்டுப்போயிருந்தால் டேலி ஆகத்தான் செய்யும். வருஷத்துக்குப் பத்துப் படம் என்று நடுவிலிருந்து திறந்து பார்த்தோம். பூசணி விளக்கு வந்துவிட்டது. சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்களை மாமா அண்ணாந்து எடுத்த ஆட்டமான பதினேழு படம் வந்துவிட்டது. நிலத்துப் பட்டா, மாட்டு இன்ஷூரன்ஸ் ரசீது, எல்.ஐ.சி. பாண்டு எல்லாம் படமாக இருந்தது. பாண்டு விஷயம் வீட்டில் யாருக்குமே தெரியாது. மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதெல்லாம் இப்போது ஒரே டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் செத்தால்? மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது வேறு ஊரில் என்று போட்டோகிராபர்கள் வட்டாரத்தில் ஒரு விதி உண்டு. ஏதோ புதுசு என்று நினைக்க வேண்டாம். அசோகர் ஒரே கட்டளையை கிர்நாரில் ஒன்று, காலசியில் ஒன்று, இன்றைய பாகிஸ்தானில் ஒன்று என்று பல ஊர்ப் பாறைகளில் வெட்டி வைத்தார். அதில் 'சத்தியபுத்திரர்' என்று ஒரு தென்னாட்டுக் குலம் வருகிறது. யார் இவர்கள் என்று அறிஞர்கள் ரொம்ப நாள் சண்டை போட்டார்கள். 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு குகையில் தமிழ் பிராமியில் ஒற்றை வரி கிடைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி என்ற பெயரோடு அந்தக் குலப்பெயரும் சேர்ந்து இருந்தது. வழக்கு முடிந்தது. அதியமானின் கோட்டை இருந்த ஊரில் மிச்சம் பெயர்தான். அவர் யார் என்று சொன்ன பிரதி வெளியூரில் இருந்தது! ஔவையார் அவரைப் பாடியதும் ஏட்டுக்கு ஏடு யாரோ கை வலிக்கப் பெயர்த்து எழுதி, 1894-ல் உ.வே.சா. புறநானூறை அச்சில் ஏற்றியதால்தான் நம் கைக்கு வந்தது.

ஆகவே மச்சான் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று அத்தை பீரோவில், மேகத்தில் இருப்பது அப்படியே. மேகத்தில் இருப்பதை அழிக்க அவசரப்படாதீர்கள். குறிப்பாக டேப்லெட் ஆப்பில் உட்கார்ந்து 'டெலிட்' செய்யாதீர்கள். அங்கே அழித்தால் மேலேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு பிரம்மாவாலும் முடியாது. உயிரோடு இருக்கிற அப்பாக்கள் விஷயத்தில் இன்னொரு வசதி: கூகுள் கணக்கில் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று ஒன்று உண்டு. மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை நாம் சொல்கிற காலம் ஆள் அரவம் இல்லையென்றால், நாம் சொல்கிற ஆட்களுக்கு விவரம் போகும். பத்துப் பேர் வரை கொடுக்கலாம். அப்பாவிடம் இதை எப்படிப் பேச்செடுப்பது என்று என்னைக் கேட்காதீர்கள்.

டேப்லெட்டை அத்தையிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது மச்சானும் வந்தார், ரீசெட் விரலோடு. "இன்னும் ஒண்ணு பாக்கி" என்றேன். வாட்ஸ்அப்.

வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டரை மேலே ஏற்று என்று தனியாகச் சொன்னால்தான் போட்டோஸ் ஏற்றும். மாமா வந்த படங்களுக்குச் சொல்லியிருந்தார். தான் அனுப்பியதற்குச் சொல்லவில்லை. ஆக, அது மேகத்திலும் கிடையாது, டிசிஐஎம்மிலும் கிடையாது. கேபிளை மாட்டி வாட்ஸ்அப் ஃபோல்டரைத் தேட வேண்டும். புது ஆண்ட்ராய்டு என்றால் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா' என்று இரண்டு படி இறங்க வேண்டும். அங்கே வீடியோ, அதற்குள் 'சென்ட்'. முப்பத்தெட்டு இருந்தது. வேறு எங்கேயும் பிரதி இல்லை. ஓசூரில் அதையெல்லாம் வாங்கிய மச்சான், போனில் இடம் போதவில்லை என்று எப்போதோ அழித்துவிட்டார்.

ஒன்றைத் திறந்தேன். நாற்பத்தொரு வினாடி. மாட்டுக் கொட்டகை, வைக்கோல் மேல் ஒரு செவலைக் கன்று, எழுந்து நிற்கப் பார்த்துச் சாய்கிறது. கேமராவுக்குப் பின்னால் மாமாவின் குரல், "எந்திரிடா, எந்திரிடா சாமி" என்று. தூரத்தில் அத்தையின் குரல், "களி ஆறுது, வாங்க!" மாமா, "இரு, வர்றேன்."

அத்தை இரண்டாவது தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே தொட்டார்.

"வர்றேன்னாரே, வந்தாரா? களி கல்லாட்டம் ஆயிப் போச்சி. அந்தக் கன்னுதான்டா இப்ப ரெண்டு ஈத்து ஈன்டிருச்சி."

தேதி ஃபைல் பெயரிலேயே இருந்தது, 20210117. மற்றது எதுவும் எந்த ஜேசனிலும் கிடையாது. நான் டைப் அடிக்க ஆரம்பித்தேன். மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அடுத்தது போடு மாப்ள" என்றார். முப்பத்தேழு பாக்கி இருந்தது.